600 டாலரை மீட்க வீடியோ போக்கர் உதவுமா?

கேள்வி: டல்லாஸில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறேன். டிசம்பரில் மனைவி, மாமனாருடன் நான்கு நாள் லாஸ் வேகஸ் போகிறோம். போன முறை ஸ்லாட் மெஷினில் 600 டாலர் போய்விட்டது. ஸ்லாட்டை விட்டுவிட்டு வீடியோ போக்கர் ஆடினால் காசு நிற்கும், விட்டதையும் பிடித்துவிடலாம் என்று அலுவலக நண்பர் சொல்கிறார். எனக்கு ரம்மி நன்றாக வரும், போக்கர் தெரியாது. மனைவிக்கு ஸ்லாட்தான் பிடிக்கும். இந்த முறை 400 டாலர் ஒதுக்கியிருக்கிறோம். எதில் உட்காரலாம்? சுற்றுலா விசாவில் வந்திருக்கும் மாமனார் ஜெயித்தால் வரி பிடிப்பார்களா?

பதில்:

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. வீடியோ போக்கரில் காசு நிற்பதும் கரைவதும் எந்த மெஷினில் உட்காருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நல்ல மெஷினைத் தேடி, சீட்டைச் சரியாகப் பிடித்து ஆடினால், கேசினோவில் அதைவிட மலிவான பொழுதுபோக்கு அதிகம் இல்லை. கண்ணில் பட்ட மெஷினில் உட்கார்ந்து ரம்மி புத்தியில் ஆடினால் ஸ்லாட்டைவிட வேகமாகப் பணம் போகும். "விட்டதைப் பிடிக்கலாம்" என்பதை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். போன முறை நீங்கள் எவ்வளவு விட்டீர்கள் என்பது எந்த மெஷினுக்கும் தெரியாது. ஏன் முடியாது என்பதற்குக் கீழே கணக்கும் தருகிறேன்.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வித்தியாசம் இது: ஸ்லாட்டில் விலை மறைந்திருக்கிறது, வீடியோ போக்கரில் விலை திரையிலேயே எழுதியிருக்கிறது.

ஸ்லாட்டில் சுழல்வதாக நீங்கள் பார்க்கும் சக்கரம் வெறும் காட்சிதான். பட்டனை அழுத்திய கணத்தில் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும் எண் உற்பத்தி நிரல் ஒரு முடிவை எடுத்துவிடுகிறது. சக்கரம் அந்த முடிவில் வந்து நிற்கிறது. 1984-ல் டெல்னஸ் என்பவர் வாங்கிய காப்புரிமை இந்தத் தொழிலையே மாற்றியது. கண்ணுக்குத் தெரியும் சக்கரத்தில் 22 நிறுத்தங்கள் இருக்கின்றன என்று வையுங்கள். மூன்று சக்கரம் என்றால் 10,648 சேர்க்கைகள். ஆனால் உள்ளே கணினி 64 நிறுத்தம் கொண்ட ஒரு மறைவுச் சக்கரத்தைச் சுற்றலாம். அப்போது சேர்க்கைகள் 2,62,144. பெரிய பரிசுச் சின்னத்துக்கு அந்த 64-ல் ஒரே ஓர் இடம் கொடுத்து, அதற்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடங்களுக்கு நிறைய இடம் கொடுத்தால், "ஐயோ, ஒரு நூலிழையில் தப்பிவிட்டதே" என்று அடிக்கடி தோன்றும். அந்த நூலிழை வடிவமைப்பாளர் வைத்தது.

அதனால்தான் ஒரே பெயர், ஒரே படம் கொண்ட இரண்டு ஸ்லாட்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தாலும் திருப்பிக் கொடுக்கும் விகிதம் வேறாக இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. நெவாடா விதிப்படி எந்த மெஷினும் கோட்பாட்டளவில் குறைந்தது 75 சதவீதம் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். பென்னி ஸ்லாட்டில் (ஒரு சென்ட் மதிப்பு என்று பெயர் போட்ட மெஷின்) கேசினோ எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். மெஷின் "சூடாக இருக்கிறது", "ரொம்ப நேரமாகக் கொடுக்கவில்லை, இப்போது கொடுக்கும்", "மெம்பர் கார்டு போட்டால் கொடுக்காது" ஆகிய மூன்றுக்கும் அடிப்படை கிடையாது. கார்டு போடுங்கள், நஷ்டம் இல்லை. ஆனால் பல கேசினோக்களில் ஸ்லாட்டுக்குக் கொடுக்கும் புள்ளியில் பாதிதான் வீடியோ போக்கருக்குக் கொடுப்பார்கள். அவர்களுக்கு எதில் வரும்படி என்பது அதிலேயே தெரிகிறது.

வீடியோ போக்கரில் 52 சீட்டுக் கட்டை மெஷின் கலைக்கிறது. நெவாடாவில் சீட்டுப் படத்தைக் காட்டும் மெஷின், உண்மைச் சீட்டுக்கட்டில் எந்த வாய்ப்பில் விழுமோ அதே வாய்ப்பில்தான் சீட்டைத் தர வேண்டும் என்பது விதி. எனவே எந்தச் சேர்க்கை எத்தனை தடவை வரும் என்பதைக் கணக்கிடலாம். அதற்கு எவ்வளவு தருவார்கள் என்பது திரையின் மேற்பகுதியில் அட்டவணையாக இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் மெஷினின் விலை வந்துவிடும். எதிராளி யாரும் இல்லை, பொய் ஆட்டம் காட்டத் தேவையில்லை. ஐந்து சீட்டு வரும். வேண்டியதைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை ஒரே ஒரு முறை மாற்றலாம். அவ்வளவுதான் ஆட்டம்.

நீங்கள் தொடங்க வேண்டியது 'ஜாக்ஸ் ஆர் பெட்டர்'. ஒரு நாணயத்துக்கு: ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் ஜோடிக்கு 1, இரண்டு ஜோடிக்கு 2, ஒரே எண்ணில் மூன்றுக்கு 3, ஸ்ட்ரெயிட்டுக்கு (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) 4, ஃபிளஷ்ஷுக்கு (ஐந்தும் ஒரே ரகம்) 6, ஃபுல் ஹவுஸுக்கு (ஒரே எண்ணில் மூன்றும் ஒரு ஜோடியும்) 9, ஒரே எண்ணில் நான்குக்கு 25, ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்ஷுக்கு (ஒரே ரகத்தில் அடுத்தடுத்த ஐந்து) 50. ராயல் ஃபிளஷ்ஷுக்கு (ஒரே ரகத்தில் 10 முதல் ஏஸ் வரை) ஐந்து நாணயம் போட்டால் 4,000. கேசினோ கை வைப்பது பெரும்பாலும் இரண்டே வரிகளில்: ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ். அந்த இரண்டு எண்களை முதல் நெடுவரிசையில், அதாவது ஒரு நாணயத்துக்கான நெடுவரிசையில் பாருங்கள். 9-ம் 6-ம் என்றால் 9/6 மெஷின். பிழையில்லாமல் ஆடினால் 99.54 சதவீதம் திரும்பும். 8/5 என்றால் 97.30. 7/5 என்றால் 96.15. 6/5 என்றால் 95. நான்கும் ஒரே நிறம், ஒரே சத்தம், ஒரே நாற்காலி.

இந்த எண்கள் பையில் என்ன செய்யும்? 25 சென்ட் மெஷினில் ஐந்து நாணயம் என்றால் ஆட்டத்துக்கு 1.25 டாலர். நிதானமாக ஆடினாலே மணிக்கு 500 ஆட்டம் போகும். அதாவது 625 டாலர் உள்ளே போய் வருகிறது. 9/6-ல் அதற்குச் சராசரி நஷ்டம் மணிக்கு 3 டாலருக்குள். 8/5-ல் 17. 7/5-ல் 24. 6/5-ல் 31. பக்கத்தில் உங்கள் மனைவி சுற்றுக்கு 60 சென்ட் வீதம் பென்னி ஸ்லாட்டில் அதே 500 சுற்று சுற்றினால் 30 டாலர். 6/5 மெஷினில் மூளையைக் கசக்கி ஆடும் நீங்களும், காலை ஆட்டிக்கொண்டு பட்டன் தட்டும் அவரும் ஒரே தொகையைத்தான் விடுவீர்கள். நீங்கள் பிழையும் செய்தால் அவரைவிட அதிகமாக விடுவீர்கள்.

ஸ்ட்ரிப்பில், அதாவது பெரிய கேசினோக்கள் வரிசையாக நிற்கும் லாஸ் வேகஸ் சாலையில், 25 சென்ட் அளவில் 9/6 கிடைப்பது அரிது. 7/5-ம் 6/5-ம்தான் கண்ணில் படும். பார் மேஜைக்குள் பதித்த மெஷின்களில் பொதுவாக அட்டவணை இன்னும் மோசம். "இலவச" பானத்தின் விலை அதில் அடங்கியிருக்கிறது. உள்ளூர்க்காரர்கள் போகும், ஸ்ட்ரிப்பைத் தாண்டிய கேசினோக்களில் நல்ல அட்டவணை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஒரே மெஷினுக்குள் பல ஆட்டம், பல நாணய மதிப்பு இருக்கும். 25 சென்ட்டைத் தொட்டால் 7/5 காட்டும் மெஷின், ஒரு டாலரைத் தொட்டால் 9/6 காட்டலாம். எனவே பணம் போடுமுன் மதிப்பையும் ஆட்டத்தையும் மாற்றி மாற்றித் தொட்டு அட்டவணையைப் பாருங்கள். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

இங்கே இரண்டு கண்ணிகள் உண்டு. முதலாவது, டாலர் 9/6-ஐப் பார்த்து ஆசைப்படுவது. ஆட்டத்துக்கு 5 டாலர். சராசரி நஷ்டம் மணிக்கு 11 அல்லது 12 டாலர்தான், 25 சென்ட் 6/5-ஐவிடக் குறைவு. ஆனால் ஒரு மணி நேரத்தில் 500 டாலர் மேலே போவதும் கீழே போவதும் அதில் சாதாரணம். உங்கள் 400 டாலர் முதல் மணியிலேயே காலியாகலாம். விலை மலிவு, ஆனால் உங்கள் பை அதற்குச் சின்னது. இரண்டாவது, ஆட்டத்தின் பெயரைப் பார்க்காமல் 8/5, 9/6 என்று எண்ணை மட்டும் பார்ப்பது. 'போனஸ் போக்கர்' என்ற ஆட்டத்தில் நான்கு ஏஸுக்கு 80, நான்கு 2, 3 அல்லது 4-க்கு 40 என்று கூடுதலாகத் தருவதால் அங்கே 8/5 என்பதே 99.17 சதவீதம். நல்ல மெஷின், தாராளமாக உட்காருங்கள். 'டபுள் டபுள் போனஸ்' அப்படி இல்லை. அதில் இரண்டு ஜோடிக்கு 1 மட்டுமே. 9/6 கிடைத்தால்கூட 98.98, ஏற்ற இறக்கமோ பயங்கரம். 'டியூசஸ் வைல்ட்' ஆட்டத்தில் 2 எல்லாம் ஜோக்கர். ரம்மிக்காரர்களுக்குப் பிடிக்கும், ஆனால் ஆடும் முறையே வேறு. முதன்முதலாக ஆடும்போது வேண்டாம்.

ஐந்து நாணயம் போடுவது கட்டாயம். ஒன்று முதல் நான்கு வரை போட்டால் ராயலுக்கு நாணயத்துக்கு 250. ஐந்தாவது போட்டால் 800. நான்கோடு நிறுத்துவது 9/6 மெஷினை 98.4-க்கு இறக்கிவிடும். ஐந்து போடக் காசு இல்லை என்றால் சின்ன மதிப்புக்கு இறங்குங்கள். 5 சென்ட் மெஷினில் ஐந்து நாணயம் 25 சென்ட்தான். அட்டவணை 6/5 என்றாலும் மணிக்கு 6 டாலர் நஷ்டம். கற்றுக்கொள்ள அது போதும்.

இனி சீட்டு பிடிப்பது. ரம்மி பழக்கம் இங்கே நாலு இடத்தில் காலை வாரும்.

ரம்மியில் 4, 5, 7, 8 கையில் இருந்தால் நடுவில் 6 வரும் என்று காத்திருப்போம். பத்துச் சுற்று ஓடும். இங்கே ஒரே வாய்ப்பு. மீதமுள்ள 47 சீட்டில் நான்கு 6. வந்தால் 4 நாணயம். நான்கு நாலு 16; அதை 47-ஆல் வகுத்தால் 0.34, போட்ட ஒரு நாணயத்துக்குச் சராசரியாகத் திரும்புவது அவ்வளவுதான். ஐந்து சீட்டையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வாங்குவதன் மதிப்பு 0.36. ஆக, பெரிய சீட்டு (ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ்) எதுவும் இல்லாத கையில் நடு ஓட்டைக்குக் காத்திருப்பதைவிடக் கையையே காலி செய்வது மேல். ஆனால் 4, 5, 6, 7 என்று இரண்டு பக்கமும் திறந்திருந்தால் எட்டுச் சீட்டு உதவும், மதிப்பு 0.68. அதைப் பிடிக்கலாம். அதே கையில் ஐந்தாவது சீட்டு இன்னொரு 4 என்றால்? ரகம் கலந்திருந்தால் 4 ஜோடியைப் பிடியுங்கள். அதன் மதிப்பு 0.82.

இரண்டாவது, ஜோடியோடு ஒரு ஏஸைச் சேர்த்துப் பிடிப்பது. ராஜா ஜோடி கையில், பக்கத்தில் ஏஸ். எறிய மனம் வராது. எறியுங்கள். மூன்று புதுச் சீட்டு வர வேண்டிய இடத்தில் இரண்டுதான் வரும். மூன்றாவது, நான்காவது ராஜா வரும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

மூன்றாவது, இரண்டு ஜோடியில் சின்ன ஜோடியை உடைப்பது. இரண்டையும் பிடித்தால் மதிப்பு 2.6; பெரிய ஜோடியை மட்டும் பிடித்தால் 1.54. கேள்விக்கே இடமில்லை.

நான்காவது, விழுந்த சேர்க்கையை உடைக்கத் தயங்குவது. ஹார்ட்டினில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி, 4 வந்தால் ஃபிளஷ் ஆகிவிட்டது, நாணயத்துக்கு 6 கையில். ஆனால் 4-ஐ எறிந்தால் ஹார்ட்டின் 10 வர 47-ல் ஒரு வாய்ப்பு. 800-ஐ 47-ஆல் வகுத்தால் அதுவே 17. உடைக்கத்தான் வேண்டும். 47-ல் 46 தடவை ராயல் வராது என்பதும் உண்மை, அதைத் தாங்கிக்கொள்ளுங்கள்.

பொது வரிசை இது. மேலிருந்து பார்த்து, முதலில் பொருந்துவதைப் பிடிக்க வேண்டும். ஒரே எண்ணில் நான்கும் அதற்கு மேலும், ராயலுக்கு நான்கு சீட்டு (வேண்டிய ஐந்தில் நான்கு கையில் இருப்பது), ஃபுல் ஹவுஸ், ஃபிளஷ், ஸ்ட்ரெயிட், ஒரே எண்ணில் மூன்று, ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்ஷுக்கு நான்கு, இரண்டு ஜோடி, ஜாக்கி முதல் ஏஸ் வரையிலான ஜோடி, ராயலுக்கு மூன்று, ஃபிளஷ்ஷுக்கு நான்கு, 10 வரையிலான சின்ன ஜோடி, இருபுறம் திறந்த ஸ்ட்ரெயிட்டுக்கு நான்கு, ஒரே ரகத்தில் இரண்டு பெரிய சீட்டு, ஸ்ட்ரெயிட் ஃபிளஷ்ஷுக்கு மூன்று, ரகம் வேறான இரண்டு பெரிய சீட்டு (மூன்று இருந்தால் சிறியவை இரண்டு: ஏஸ், ராணி, ஜாக்கியில் ஏஸை எறிக), ஒரே ரகத்தில் 10-உடன் ஜாக்கி, ராணி அல்லது ராஜா, தனிப் பெரிய சீட்டு ஒன்று, எதுவும் இல்லையேல் ஐந்தும் எறிக. இதை மட்டும் பின்பற்றினாலே கச்சிதமான ஆட்டத்திலிருந்து நூறு டாலருக்கு 10 சென்ட்கூடக் குறையாது. இரண்டு 10 சேர்ந்த ஜோடி ஜெயித்ததாகக் கணக்கில்லை என்பதைப் புதியவர்கள் மறப்பார்கள்.

வரிசையைக் காகிதத்தில் எழுதி மெஷினருகே வைத்துப் பார்த்து ஆடலாம், தடையில்லை. போனில் ஆப் வைத்து எந்தச் சீட்டைப் பிடிக்கலாம் என்று கேட்பது வேறு விஷயம்: வாய்ப்பைக் கணிக்கும் கருவியைக் கேசினோவில் பயன்படுத்துவது நெவாடாவில் குற்றம். ஆப்பில் பயிற்சி எல்லாம் வீட்டில் முடித்துவிடுங்கள். மெஷினில் சீட்டைத் தொட்டபின் அதன் மேல் 'ஹெல்டு' என்று வந்ததா என்று ஐந்தையும் பார்த்துவிட்டே 'டிரா' அழுத்துங்கள். வேகத்தில் ஒரு தொடுதல் பதியாமல் போவதுதான் மிகச் சாதாரணமான, மிக எரிச்சலான நஷ்டம். 'பெட் மேக்ஸ்' பட்டன் காசைப் போட்டவுடனே சீட்டையும் பிரித்துவிடும். மதிப்பு ஒரு டாலரில் நிற்கிறதா என்று பார்க்காமல் அதைத் தட்டாதீர்கள்.

இப்போது அந்த 600-க்கு வருவோம். நான்கு நாளில் 25 சென்ட் 9/6-ல் 2,000 ஆட்டம் ஆடுகிறீர்கள் என்று வையுங்கள். சராசரி நஷ்டம் 12 டாலருக்குள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தச் சராசரியில் ராயலின் பங்கும் இருக்கிறது. ராயல் ஏறக்குறைய 40,000 ஆட்டத்துக்கு ஒன்றுதான். 2,000 ஆட்டத்தில் அது வர வாய்ப்பு இருபதில் ஒன்று. வராத மற்ற பத்தொன்பது பேருக்குச் சராசரி நஷ்டம் 60 டாலர், அதற்கு மேலும் கீழுமாக இருநூறு சொச்சம் ஆடும். நூறு ஆட்டத்தில் 45-ல் ஏதாவது வரும். அதில் கிட்டத்தட்ட பாதி, போட்ட காசு திரும்பி வருவதுதான். வீடியோ போக்கர் 400 டாலரை நான்கு நாள் நீட்டிக்கத் தகுந்த ஆட்டம். 600-ஐச் சம்பாதிக்கத் தகுந்ததல்ல.

உங்கள் மனைவியை ஸ்லாட்டிலிருந்து எழுப்பாதீர்கள். அவருக்கு அட்டவணையும் வரிசையும் மனப்பாடம் செய்ய விருப்பமில்லை என்றால் அவர் ஸ்லாட்டில் இருப்பதே மலிவு. நஷ்டம் என்பது சுற்றுக்கு எவ்வளவு, மணிக்கு எத்தனை சுற்று, கேசினோவின் பங்கு எவ்வளவு என்ற மூன்றின் பெருக்கம். மூன்றாவது அவர் கையில் இல்லை, முதல் இரண்டும் உண்டு. "பென்னி" என்று பெயர் இருந்தாலும் குறைந்தபட்சமே 50 சென்ட், 88 சென்ட் என்று வைத்திருப்பார்கள். திரையில் 'டோட்டல் பெட்' எவ்வளவு என்று பார்க்கச் சொல்லுங்கள். 'ஆட்டோ ஸ்பின்' வேண்டாம். சுற்றுகளுக்கு நடுவே நாலு வார்த்தை பேசினாலே நஷ்டம் பாதியாகும். 60 சென்ட் போட்டு 20 சென்ட் வந்தாலும் மெஷின் மேளம் கொட்டும். அது 40 சென்ட் தோல்வி. மெகாபக்ஸ் போன்ற கோடிக்கணக்கான ஜாக்பாட்டில் 2003-ல் எக்ஸ்காலிபரில் ஒருவருக்கு 3.97 கோடி டாலர் விழுந்தது உண்மை. ஆனால் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து கோடியில் ஒன்று. சும்மா ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டும்.

ஊருக்குக் கிளம்புமுன் பழகிப் பார்க்கலாம் என்று டல்லாஸிலிருந்து வடக்கே ஓக்லஹோமா கேசினோக்களுக்குப் போகத் தோன்றும். அங்கே பழங்குடி நிலத்துக் கேசினோக்களில் சில மெஷின்கள் போக்கர் வேஷம் போட்ட பிங்கோ. முடிவைப் பிங்கோதான் தீர்மானிக்கிறது. சீட்டு வெறும் அலங்காரம், நீங்கள் எதைப் பிடித்தாலும் வர வேண்டியது வந்தே தீரும். திரையின் மூலையில் சின்னதாக ஒரு பிங்கோ அட்டை தெரிந்தால் இந்தக் கணக்கு எதுவும் அங்கே செல்லாது.

கடைசியாக மாமனார். மெஷினில் ஒரே ஆட்டத்தில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் வந்தால் மெஷின் பூட்டிக்கொள்ளும். ஆள் வந்து அடையாள அட்டை கேட்டு, படிவம் நிரப்பிப் பணம் தருவார். அந்த வரம்பு 2025 வரை 1,200 டாலர், 2026 முதல் 2,000. நீங்கள் வரிக் கணக்கில் அமெரிக்கக் குடியிருப்பாளர் என்றால் டபிள்யூ-2ஜி என்ற வரிப் படிவம் தருவார்கள். பொதுவாக அங்கேயே பிடிக்க மாட்டார்கள், வருடக் கணக்கில் காட்ட வேண்டும். சுற்றுலா விசாவில் வந்தவருக்கு அங்கேயே 30 சதவீதம் பிடித்து, 1042-எஸ் என்ற படிவம் தருவார்கள். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தில் இதற்கு விலக்கு இல்லை, தோற்ற தொகையைக் கழித்துக்கொள்ளவும் முடியாது. 25 சென்ட் மெஷினில் ராயல் விழுந்தால் 1,000 டாலர், வரம்புக்குக் கீழே. டாலர் மெஷினில் 4,000, அதில் 1,200 போய்விடும். பிளாக்ஜாக், ரூலெட் மேஜைகளில் வெளிநாட்டவருக்கு இந்தப் பிடித்தம் இல்லை. இன்னொன்று: யார் காசு என்பதைக் கேசினோ பார்க்காது, பட்டனை அழுத்தியவர்தான் வென்றவர். "அப்பா, ராசியான கை, ஒரு தடவை நீங்கள் அழுத்துங்கள்" என்று டாலர் மெஷினில் அவரை அழைத்துவிடாதீர்கள்.